முதுகு வலி, ரத்த சோகை, கிரியாட்டினின்: மூன்றையும் சேர்த்துப் படிப்போம்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு இது: "எலும்புப் புற்றுநோய் சிறுநீரகத்துக்குப் பரவினால் எப்படிக் கண்டுபிடிப்பது?" நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்ட கேள்வியாம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் லேபில் ரத்தமும் சிறுநீரும் பார்த்தவன். மருந்து சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது, டாக்டரிடம் என்ன கேட்பது, அதை மட்டும் சொல்கிறேன். லிஃப்டில் போகும்போது ஆளாளுக்கு என்னிடம் போனில் ரிப்போர்ட் காட்டுகிறீர்கள். இரண்டாவது மாடி வருவதற்குள் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் கடனையும் இன்றைக்குத் தீர்த்துவிடலாம்.

தலைப்பில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய் சிறுநீரகத்துக்குப் பரவுவது அபூர்வம். எலும்பிலேயே பிறப்பது என்றால் ஆஸ்டியோசார்கோமா போன்றவை. அது பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு, முழங்காலை ஒட்டி வரும். பரவினால் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அவர்களுக்குக் கிரியாட்டினின் ஏறினால், "ஐயோ, கிட்னிக்குப் பரவிவிட்டது" என்று வீட்டார் பயந்துபோகிறார்கள். அநேகமாகக் காரணம் வேறு. அந்த நோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், மெத்தோட்ரெக்சேட், ஐபோஸ்பமைடு மூன்றுமே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகள். மருந்தின் அளவை மாற்றுவதும், குளுக்கோஸ் பாட்டிலில் நீர் ஏற்றுவதும் அதற்காகத்தான்.

அப்படியானால் எலும்பும் சிறுநீரகமும் ஒரே சமயத்தில் கெட்டுப்போனால் என்ன நினைக்க வேண்டும்? பெரியவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. இரண்டைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதற்குத்தான் நேரம் வேண்டும்.

முதல் வழி, நாம் நினைப்பதற்கு நேர் எதிர்த் திசை. புற்று சிறுநீரகத்தில் ஆரம்பித்து எலும்புக்குப் போவது. சிறுநீரகப் புற்றுநோய் உடலில் பரவியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது எலும்பில் தெரிகிறது. முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு, விலா. சிலருக்குச் சிறுநீரகத்தில் கட்டி இருப்பதே தெரியாது. லேசாகத் தடுக்கி விழுவார், தொடை எலும்பு முறியும். இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கம்பி போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "டாக்டர், இவ்வளவு லேசான அடிக்கு எலும்பு முறிந்திருக்கிறதே, வேறு ஏதாவது இருக்குமா? வயிறு ஸ்கேன் பார்த்துவிடலாமா?" சிறுநீரகத்திலிருந்து வந்த கட்டியில் ரத்த ஓட்டம் அதிகம். முன்கூட்டியே தெரியாமல் அறுத்தால் ரத்தப்போக்கு அதிகமாகும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒரே ஒரு முறை போய் நின்றுவிட்டாலும், அது அலட்சியம் செய்யக்கூடியது அல்ல. "சூடு பிடித்துக்கொண்டது" என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். இளநீர் குடியுங்கள், ஸ்கேனும் பாருங்கள்.

இரண்டாவது வழி ஆண்களுக்கு. ப்ராஸ்டேட் புற்று எலும்புக்குப் போகும். அதே புற்று சிறுநீர்ப் பாதையை அடைத்தால் சிறுநீரகம் வீங்கிக் கிரியாட்டினின் ஏறும். அறுபது தாண்டியவருக்கு முதுகு வலி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, கிரியாட்டினின் அதிகம் என்றால் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் வயிறு ஸ்கேனும் வழி காட்டிவிடும். அடைப்பை எடுத்துவிட்டால் சிறுநீரகம் பல நேரம் தேறிவிடும்.

மூன்றாவது, மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். எலும்பையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே பிடிக்கும். ஆனால் இது எலும்பிலிருந்து சிறுநீரகத்துக்குப் "பரவுவது" இல்லை. வேறு விதமாகக் கெடுக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பரிசோதனைகள் எல்லாம் தானாகப் புரியும்.

மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒன்று இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் புரதங்களைச் செய்வதுதான் அதன் வேலை. மைலோமாவில் ஒரே ஒரு வகைப் பிளாஸ்மா செல் கணக்கில்லாமல் பெருகி, ஒரே மாதிரியான, எதற்கும் உதவாத புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மஜ்ஜையில் இடத்தை அடைத்துக்கொள்வதால் ரத்தம் ஊறுவது குறையும். எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுவதால் எலும்பில் ஓட்டை விழும். கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறும். அந்தப் புரதத்தின் சிறு துண்டுகள், லைட் செயின் என்பவை, சிறுநீரகத்தின் வடிகட்டி வழியே புகுந்து நுண்குழாய்களில் போய்ச் சேரும். அங்கே வழக்கமாக இருக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டிக் கட்டியாகிக் குழாயை அடைக்கும். போன வருடம் நம் ஏ பிளாக்கில் சமையலறைக் கழிவுக் குழாய் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அடைத்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே சங்கதிதான். தண்ணீர் குறைவாக ஓடினால் கட்டி சீக்கிரம் இறுகும். அதனால் மைலோமா உள்ளவருக்கு வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றினால் ஒரு வாரத்திலேயே கிரியாட்டினின் இரண்டு மடங்காகலாம்.

இந்த நோயைக் கண்டுபிடித்த கதையே ஒரு சிறுநீர் பாட்டிலில்தான் ஆரம்பிக்கிறது. லேப்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. லண்டனில் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன் என்று ஒரு மளிகை வியாபாரி. 1844 செப்டம்பரில் விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு பள்ளத்திலிருந்து தாவி ஏறும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒடிந்ததுபோல இருந்ததாம். பிறகு வலி, இளைப்பு, வெளுப்பு. பல வைத்தியம் ஆயிற்று, அட்டை கூட விட்டுப் பார்த்தார்கள். வில்லியம் மெக்கின்டைர் என்ற மருத்துவர்தான் அவருடைய சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். அதில் இருந்த புரதம் விசித்திரமாக நடந்துகொண்டது. அந்தச் சிறுநீரை 1845 நவம்பர் முதல் தேதி ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் தெரிந்த மருத்துவருக்கு அனுப்பினார்கள். மெக்பீன் 1846 ஜனவரி 1ஆம் தேதி இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் விலா எலும்புகள் எளிதில் உடையும் அளவுக்கு மென்மையாகிவிட்டிருந்தன. எலும்பு இளகும் நோய் கண்டவர்களுக்கெல்லாம் சிறுநீரில் இந்தப் புரதத்தைத் தேடுங்கள் என்று பென்ஸ் ஜோன்ஸ் எழுதிவைத்தார். அவர் பெயரே அந்தப் புரதத்துக்கு நிலைத்துவிட்டது. மெக்கின்டைருக்கும் பங்கு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

விசித்திரம் என்ன என்று கேட்பீர்கள். நாமக்கல்காரர்களுக்கு முட்டையை வைத்துச் சொன்னால் போதும். முட்டை வெள்ளைக்கருவைக் கொதிக்க வைத்தால் வெந்து கெட்டியாகும், திரும்ப இளகாது. சாதாரணமாகச் சிறுநீரில் போகும் ஆல்புமின் புரதமும் அப்படித்தான், வெந்தது வெந்ததுதான். பென்ஸ் ஜோன்ஸ் புரதமோ 40 முதல் 60 டிகிரி சூட்டில் திரிந்து கலங்கும், கொதிநிலைக்குப் போனால் கரைந்து தெளியும், ஆற வைத்தால் திரும்பவும் கலங்கும். நாங்கள் படிக்கிற காலத்தில் ஸ்பிரிட் விளக்கில் இதைச் செய்து பார்ப்போம். இப்போது இதை யாரும் நம்புவதில்லை, இதைவிடத் துல்லியமான முறைகள் வந்துவிட்டன.

ஆனால் இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் இன்றைக்கும் செல்லுபடியாகும். இப்போது எல்லா லேபிலும் சிறுநீரில் ஒரு பட்டையை முக்கி நிறம் பார்த்து "அல்புமின்: இல்லை" என்று எழுதிக்கொடுக்கிறார்கள். அந்தப் பட்டை ஆல்புமினைத்தான் பிடிக்கும். லைட் செயினைப் பெரும்பாலும் பிடிக்காது. ஆக, யூரின் ரிப்போர்ட் நார்மல் என்று வரும், உள்ளே கிராம் கணக்கில் புரதம் போய்க்கொண்டிருக்கும். சல்போசாலிசிலிக் அமிலம் விட்டுப் பார்த்தால் எல்லாப் புரதமும் கலங்கும். அல்லது சிறுநீரில் மொத்தப் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்கலாம். பட்டை "இல்லை" என்கிறது, மொத்தப் புரதம் எக்கச்சக்கம் என்றால், அந்த முரண்பாடே ஒரு துப்பு.

இப்போது ஒரு கற்பனை மனிதரை எடுத்துக்கொள்வோம். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. வயது 58. லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. முதுகு வலி நாலு மாதமாக. பட்டறை வேலையாயிற்றே, முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? மெடிக்கலில் மாத்திரை, வாரம் ஒரு ஊசி, எக்ஸ்ரேயில் "தேய்மானம்". நம் ஊரில் நாற்பது தாண்டிய யார் முதுகை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் என்று எழுத ஏதாவது இருக்கும். பிறகு அசதி. ரத்தம் 8.6 கிராம். இரும்புச்சத்து மாத்திரை. பிறகு மலச்சிக்கல், தாகம், ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிறார். சர்க்கரை பார்த்தால் இல்லை. கிரியாட்டினின் 1.5. மாத்திரை சாப்பிட்டதால் என்று சொல்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து 3.1.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல முடிகிறது பாருங்கள். அதுதான் ஆபத்து. முதுகுக்கு ஒரு டாக்டர், ரத்தத்துக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர். நாலு ஃபைல், நாலு லேப். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. நாலையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

விரித்துவைத்தால் என்ன பார்ப்பது? டாக்டர்கள் நான்கு விஷயத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள்: கால்சியம் 11க்கு மேல், கிரியாட்டினின் 2க்கு மேல், ஹீமோகுளோபின் 10க்குக் கீழ், எலும்பில் ஓட்டை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1,027 மைலோமா நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்டது. கண்டுபிடித்த நேரத்தில் நூற்றுக்கு 73 பேருக்கு ரத்த சோகை, 58 பேருக்கு எலும்பு வலி, 19 பேருக்குக் கிரியாட்டினின் 2 அல்லது அதற்கு மேல். கால்சியம் ஏறியிருந்தது 13 பேருக்குத்தான். ஆக நாலும் சேர்ந்து வரும்வரை காத்திருக்கக் கூடாது. அங்கே நடுவயது 66. நம் நாட்டு மருத்துவமனைகளில் ஐம்பதுகளிலேயே நிறையப் பேரைப் பார்க்கிறார்கள்.

அடுத்து, சாதாரண ரிப்போர்ட்டிலேயே ஒளிந்திருக்கும் ஒரு கணக்கு. ஈரல் பரிசோதனை என்று எடுக்கும்போது மொத்தப் புரதம், ஆல்புமின் இரண்டும் வரும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். கற்பனை மனிதருக்கு மொத்தப் புரதம் 10.2, ஆல்புமின் 3.0. மீதி 7.2. இது குளோபுலின். 4க்கு மேல் போனாலே ஏன் என்று கேட்க வேண்டும், 7 என்றால் உடனே கேட்க வேண்டும். இ.எஸ்.ஆர். நூறைத் தாண்டியிருக்கும். லேபில் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுக்கள் காசு அடுக்கினாற்போல ஒட்டிக்கொண்டு நிற்கும். அனுபவமுள்ள டெக்னீசியன் அதைப் பார்த்தவுடன் ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதுவார். மெஷின் எழுதாது. அந்த ஓரத்து வரியைத் தயவுசெய்து படியுங்கள்.

குளோபுலினும் இ.எஸ்.ஆரும் ஏறினாலே மைலோமா என்று அர்த்தம் இல்லை. காசநோய், மூட்டுவாதம், ஈரல் நோய் எல்லாவற்றிலும் ஏறும். முதுகு வலியோடு இ.எஸ்.ஆர். அதிகம் என்றால் நம் பக்கம் முதுகெலும்புக் காசநோயும் கணக்கில் உண்டு. தலைகீழாக, லைட் செயின் மட்டும் சுரக்கும் வகையில் குளோபுலின் நார்மலாகவோ குறைவாகவோ இருக்கும், அந்த வகைதான் சிறுநீரகத்தை அதிகம் அடைக்கும். ஆகவே கழித்தல் கணக்கு ஒரு துப்பு மட்டும்தான்.

துப்பு கிடைத்தபின் டாக்டர் எழுதுவது மூன்று பரிசோதனை. சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ், இம்யூனோபிக்சேஷன், சீரம் ஃப்ரீ லைட் செயின். முதலாவது, புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டு வரைபடமாக எடுப்பது. நார்மலில் கடைசிப் பகுதி மேடு மாதிரி பரந்திருக்கும். மைலோமாவில் நைனாமலை மாதிரி தனியாகக் கூர்மையாக எழும்பி நிற்கும். முதல் பரிசோதனை மட்டும் எடுத்தால் மேயோ பதிவில் 82 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. அதனால் "எலக்ட்ரோபோரசிஸ் நார்மல், விட்டுவிடலாம்" என்று இருக்க முடியாது. லைட் செயின் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். சின்ன லேபுகள் ரத்தத்தை எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்புவார்கள், ரிப்போர்ட் வர சில நாள் ஆகும்.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கச் சொன்னால் அதில் நிறையப் பேர் தவறு செய்வார்கள். காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீரை ஊற்றிவிட வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பகல், ராத்திரி எல்லாவற்றையும், மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வெயில் காலத்தில் கேனைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நடுவில் ஒரு தடவை மறந்துபோனால் லேபில் சொல்லிவிடுங்கள், மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றி அளவைச் சரிசெய்து கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உறுதி செய்வது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. இதற்குத்தான் பயம் அதிகம். "முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். இது முதுகுத் தண்டே இல்லை. இடுப்பின் பின்பக்க எலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள். உறிஞ்சும்போது சில நொடி இழுக்கிற மாதிரி வலி இருக்கும். அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். பிளாஸ்மா செல் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்து, முன்பு சொன்ன நாலில் ஒன்றும் இருந்தால் நோய் உறுதி. 2014இல் விதியைத் திருத்தினார்கள். 60 சதவீதம் தாண்டியிருந்தால், அல்லது லைட் செயின் விகிதம் 100ஐத் தொட்டால், அல்லது எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளி தெரிந்தால், உறுப்பு கெடும்வரை காத்திருக்காமல் சிகிச்சையை ஆரம்பிக்கலாம் என்று.

எலும்பைப் பார்க்க எந்தப் படம்? எலும்பின் தாதுச்சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். போன் ஸ்கேன், புது எலும்பு உருவாகும் இடத்தைத்தான் காட்டும், மைலோமா எலும்பைக் கரைக்கிறது, உருவாக்குவதில்லை. எனவே அது நார்மல் என்று வந்துவிடும். முழு உடல் சி.டி., பெட் சி.டி., எம்.ஆர்.ஐ. இவைதான் சரி. சி.டி.க்கு நிற மருந்து ஏற்றுவதாக இருந்தால், கிரியாட்டினின் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த நோய் யாருக்கோ எங்கேயோ என்று நினைக்க வேண்டாம். 1994இல் வந்த 'நேதாஜி' தமிழ்ப் படத்தில் நடித்த லிசா ரேக்கு 2009இல், 37 வயதில், மைலோமா என்று தெரிந்தது. அந்த வருடமே அவருடைய சொந்த ஸ்டெம் செல்லை எடுத்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை நடந்தது. பிறகும் நடித்தார், புத்தகம் எழுதினார், தாயானார். நடிகையும் எம்.பி.யாக இருந்தவருமான கிரண் கேருக்கு 2020 நவம்பரில் சண்டிகர் வீட்டில் இடது கை முறிந்தது. அதற்குப் பரிசோதிக்கப் போன இடத்தில்தான் மைலோமா தெரியவந்தது. பிகாரின் நாட்டுப்புறப் பாடகி சாரதா சின்ஹா இதே நோயோடு போராடி 2024 நவம்பர் 5ஆம் தேதி காலமானார். மூவருக்கும் மூன்று விதம்.

இப்போது வலி மாத்திரை. இன்றைக்கு நான் பேச ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான். டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நல்ல சிறுநீரகம் நாலு நாளைக்குத் தாங்கும். லைட் செயின் அடைத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகம் தாங்காது. மைலோமா இருக்கிறவர் முதுகு வலிக்கு இவற்றைத்தான் விழுங்குவார், ஏனென்றால் வலி பொறுக்க முடியாது. நோய் பாதி, மாத்திரை பாதி என்று சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் முதுகு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் ஹீமோகுளோபினும் கிரியாட்டினினும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நம் சேந்தமங்கலம் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். படுத்தால் கூடுகிற வலி, ராத்திரி எழுப்பிவிடுகிற வலி, எடை குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடங்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் போங்கள். கால் மரத்து, நடை தள்ளாடினால் அன்றைக்கே போக வேண்டும். அதேபோல், "எலும்பு பலவீனம்" என்று நீங்களாகக் கால்சியம், வைட்டமின் டி வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிடக்கிறவருக்கு அது எரிகிற தீயில் எண்ணெய்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்? லைட் செயினைச் சீக்கிரம் குறைத்துவிட்டால் சிறுநீரகம் திரும்பத் தேறும். டயாலிசிஸ் வரை போனவர்களில் சிலர் கூட அதிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். வாரங்கள் கடந்தால் அந்த வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். போர்ட்டிசோமிப் என்ற ஊசி மருந்து 2003இல் வந்தது. சிறுநீரகம் கெட்டவருக்கும் அதைக் கொடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஒரு காலத்தில் கருவிலிருந்த குழந்தைகளை ஊனப்படுத்தியதால் தடைசெய்யப்பட்ட தாலிடோமைடு மாத்திரை, 1999இல் இந்த நோய்க்கு வேலை செய்கிறது என்று தெரிந்து திரும்பி வந்தது. அதன் தம்பி லெனலிடோமைடை இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளே செய்கின்றன. முற்றிலும் போய்விடும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அடங்கி, பல வருடம் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே போவது? நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் வேலூர் சி.எம்.சி.க்கு 1986இலிருந்து அனுபவம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வந்தபின் அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. போகும்போது எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் போட்டோ வேண்டாம், பாதி எண் வெட்டுப்பட்டிருக்கும். கிரியாட்டினின் இன்றைக்கு 2 என்பதை விட, மூன்று மாதத்தில் 1இலிருந்து 2 ஆனது என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன்.

"நம் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீராயிற்றே, அதனால் இது வருமா?" என்று சி பிளாக் அக்கா கேட்டார். வராது. உப்புத் தண்ணீரும் சிறுநீரகக் கல்லும் வேறு பேச்சு. மைலோமா தண்ணீரால் வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. அந்த வீட்டில் காபி குடிக்கலாம், ஒரே லிஃப்டில் போகலாம்.

"வீட்டில் பெரியவருக்கு வந்தால் அவரிடம் சொல்லலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார். இது லேப் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை, ஆனாலும் என் எண்ணத்தைச் சொன்னேன். இந்த நோய்க்காரர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் (டாக்டர் அளவு குறைக்கச் சொன்னால் தவிர), வலி மாத்திரையைத் தொடக் கூடாது, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் சொல்ல வேண்டும், பல் பிடுங்குவதானால் எலும்பு ஊசி போடுவதற்கு முன்பே பிடுங்கிக்கொள்ள வேண்டும். விஷயம் தெரியாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்? "ரத்த சோகைதாம்ப்பா" என்று சொல்லி வைத்தால், அவர் தோட்டத்துக்குப் போகிற வழியில் மெடிக்கலில் பழைய மாத்திரையையே வாங்கிப் போட்டுக்கொள்வார். பக்குவமாகச் சொல்லலாம். மறைப்பது சிக்கல்.

கடைசிக் கேள்வி: "அப்படியானால் நாங்கள் எல்லோரும் மாஸ்டர் செக்கப்பில் இந்த எலக்ட்ரோபோரசிஸையும் சேர்த்துக்கொள்ளலாமா?" வேண்டாம் என்றேன். ஐம்பது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு அந்தப் புரதம் கொஞ்சம் இருக்கும், எந்தத் தொந்தரவும் இருக்காது. அவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் அது நோயாக மாறுகிறது. காரணமே இல்லாமல் எடுத்து, அது இருக்கிறது என்று தெரிந்தால், நிம்மதியாக இருக்கிறவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லேப் வாசலில் நிற்க வேண்டும். விடாத எலும்பு வலி, காரணம் தெரியாத ரத்த சோகை, சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே ஏறுகிற கிரியாட்டினின், லேசான அடிக்கு முறிந்த எலும்பு, இவற்றில் ஒன்றாவது இருந்தால் எடுங்கள். செக்கப்பில் வந்திருக்கும் மொத்தப் புரதம், ஆல்புமின் கழித்தலை இன்றைக்கு ராத்திரியே வீட்டில் போட்டுப் பாருங்கள். மீதி 4க்கு மேல் வந்தால் ஃபைலோடு டாக்டரிடம் போங்கள். என்னிடம் காட்ட வேண்டும் என்றால் லிஃப்டில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாங்க.